தொப்பி வைத்த இருக்கை

மூன்றாவது நாளும் அதே சாம்பல் நிறத் தொப்பி. அதன் கீழே, மழைத்துளி ஒட்டிய இமைகளோடு அதே கண்கள்...

"ஒரு டிக்கெட்."

கவுன்டரில் இருந்த வெர்னா நோவோட்னி டிக்கெட்டை நீட்டினாள். இந்த ஆண்டு அமெரிக்காவே வரிசையில் நின்று பார்க்கும் படம்தான். அதற்காக ஒரே ஆள் மூன்று நாளில் ஆறு காட்சியா? உட்காரவும் மாட்டான். அரங்க வாசலில் சாய்ந்து நிற்பான். வலது கை கோட்டுப் பைக்குள். பைக்குள்ளிருந்து மெல்ல 'டிக்... டிக்...'

அவளுக்குப் புரிந்துவிட்டது. படக் கம்பெனி அனுப்பிய ரகசிய ஆள். பைக்குள் ஒளித்த எண்ணும் கருவியை அழுத்தி அழுத்தி நுழையும் தலைகளை எண்ணி, விற்ற டிக்கெட்டோடு ஒப்பிடுவான். ஒத்துவராவிட்டால் படத்தைப் பிடுங்கிவிடுவார்கள். நெப்ராஸ்காவின் இந்தச் சிற்றூரில், அப்பாவின் தியேட்டர் இந்த ஒரு படத்தை நம்பித்தான் 1978-ஐத் தாண்ட வேண்டும்.

'கண்ணு அழகா இருந்தா போதுமா? வேவு பாக்கத்தானே வந்திருக்கான்...'

சனிக்கிழமை அவனே கவுன்டருக்கு வந்தான். பெயர் வெண்டல் ரீஸ் என்றான்.

"தினமும் ஏழெட்டுத் தலை அதிகமா வருது, மிஸ். டிக்கெட் இல்லாம யாரை உள்ள விடுறீங்க?"

அவள் முகம் சிவந்தது. "திருடின்னே சொல்லிடுங்களேன். பையில கையை ஒளிச்சுக்கிட்டுத் திரியறது யாராம்?"

தலை ஏன் அதிகம் என்று அவள் ஒரு வார்த்தையில் விளக்கியிருக்கலாம். ரோஷம் விடவில்லை.

ஞாயிறு மதியக் காட்சி முடிந்ததும் வெண்டல் அரங்குக்குள் எட்டிப் பார்த்தான். ஆளில்லாத இருக்கைகளில் எட்டுத் தொப்பிகள்! வெர்னாவின் அப்பாவிடம் கேட்டான். அவர் சிரித்துவிட்டார். படத்தை மறுபடி பார்க்க நினைப்பவர்கள் இருக்கையில் தொப்பியை வைத்துவிட்டு, எதிர்க்கடையில் பிளம் பழம் வைத்த கொலாச்சி என்ற இனிப்பு ரொட்டியைத் தின்றுவிட்டு வருவார்களாம். அவர்கள் மறு டிக்கெட் வாங்கத் தேவையில்லை. இந்த ஊர் வழக்கம். வெண்டல் அவர்களை இரண்டு முறை எண்ணியிருந்தான்.

குறை எதுவும் இல்லை என்று அறிக்கை எழுதி, வெர்னாவிடம் காட்டினான். மன்னிப்பும் கேட்டான். அவள் நம்பாமல் இரண்டு தடவை படித்துவிட்டுத் தலையசைத்தாள், அவ்வளவுதான். அவன் பேருந்துக்குப் போய்விட்டான். பேருந்து மறையும் வரை அவள் கவுன்டர் ஜன்னலை மூடவில்லை...

திங்கள் காலை அரங்கைத் திறந்தாள். கடைசி வரிசையில் சாம்பல் நிறத் தொப்பி. மறந்துவிட்டானா? இல்லை, இதுவும் ஒரு வேவா?

மதியம், மழையில் நனைந்த வெறுந்தலையோடு அவன் வந்தான். டிக்கெட் கேட்காமல் நேரே கதவை நோக்கி நடந்தான்.

"சார், டிக்கெட்?"

"உள்ள தொப்பி வச்சிருக்கேன்."

"முதல்ல பையில இருந்து கையை வெளிய எடுங்க."

எடுத்தான். காகிதத்தில் சுற்றிய இரண்டு கொலாச்சி.

"இன்னிக்கு என்னை யாரும் அனுப்பல, வெர்னா. படம் எனக்கு மனப்பாடம்... உங்களைப் பாக்கத்தான் வந்தேன்."

அவள் அவன் கண்களையே உற்றுப் பார்த்தாள். சந்தேகப்பட அங்கே எதுவும் மிச்சமில்லை.

"தெரியும்..." குரல் தழைந்தது. "தெரியாமலா, காலையிலேயே பக்கத்து சீட்டுல என் தொப்பியை வச்சேன்?"