இடிச்சட்டி கேட்ட மூன்று தட்டல்

"கயித்த அவுருலே! இன்னும் என்ன பாத்துக்கிட்டு நிக்க?"

பெர்னதெத் படகில் தாவி ஏறிவிட்டாள். பனி விலகட்டும், எல்லாருமாகத் தேடலாம் என்று கரையில் நின்றவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவளால் நிற்க முடியவில்லை. முந்தாநாள் காலை வள்ளத்தில் தனியாகப் போன தம்பி இன்னாசி திரும்பவில்லை. அவன் எடுத்துப் போனது ஒரு கேன் குடிதண்ணீர்தான். அது நேற்றே தீர்ந்திருக்கும்.

எங்கே போனான் என்பது, அவளுடைய மாமா மகன் சந்தியாகு இன்று காலை வாயைத் திறந்த பிறகுதான் தெரிந்தது.

"இடிச்சட்டித் தீவுக்குத்தான் போனான். அங்க செம்புக் குழாய் பொதைஞ்சு கெடக்காம். வித்து ஒங்க மைக் செட்டுக்குப் புது ஆம்ப்ளிபயர் வாங்கி ஒனக்குக் காட்டணும்னான்."

"ரெண்டு நாளா இதை வயித்துக்குள்ள வச்சிருந்தியா? இறங்கினதும் ஒன்னைக் கவனிக்கேன்!"

சந்தியாகு கயிற்றை அவிழ்த்துவிட்டுத் தானும் ஏறினான். என்ஜின் இருமிக் கிளம்பியது. சுக்கான் பிடித்தவர் நைனா முகமது. அண்ணனைக் 'காக்கா' என்று கூப்பிடும் ஊர்க்காரர் என்பதால் எல்லாருக்கும் அவர் நைனா காக்கா. "தங்கச்சி, எண்ணெய் கொஞ்சந்தான் இருக்கு. சும்மா சுத்தினா நம்மளையும் யாராவது தேடி வரணும்" என்றார்.

மார்கழிப் பனி கடலை மூடிக் கிடந்தது. திசைகாட்டியைப் பார்த்துப் பார்த்துத்தான் தீவைப் பிடித்தார்கள். மணலில் குதித்து, முள்ளுச்செடிகளை விலக்கி ஓடினார்கள்.

எதிரே நின்றது இடிச்சட்டி! பாதிப் பனை உயரத்துக்குச் சிமென்ட்டில் செய்து, விளிம்பில் நிறுத்தி வைத்த சட்டி. அதன் வாய் தெற்கே கடலைப் பார்த்திருந்தது. வாய்க்கு எதிரே துருப்பிடித்த இரும்புத் தூண் ஒன்று. அடியில் புதிதாகத் தோண்டிய குழி, குழாயை இழுத்துப்போன தடம், கரையில் வள்ளம் உரசிய கோடு. இன்னாசி இல்லை!

"செம்பை ஏத்திக்கிட்டுக் கெளம்பிட்டான்" என்றார் நைனா காக்கா. "பாரம் தாங்காம எங்கயோ கடல்பாறையில மோதியிருப்பான்."

பெர்னதெத் குழிக்கும் கடலுக்குமாக நடந்தாள். உட்கார முடியவில்லை.

"இது என்ன எழவுக்குக் கட்டினாங்க காக்கா?"

"உலகப் போர்க் காலத்துல கட்டினதா சொல்லுவாங்க. அந்தத் தூண் மேல ஒரு இரும்பு அறை இருந்துச்சாம். அதுக்குள்ள வாயுவையும் காத்தையும் அடைச்சு, விடாம வெடிக்க வெப்பாங்களாம். சட்டி அந்தச் சத்தத்தை மொத்தமா வாரி எதிரி கப்பல் மேல வீசணும். குண்டு இல்லாம, சத்தத்தாலயே ஆளுங்க தலை சுத்தி விழணும்!"

"விழுந்தாங்களா?"

"நாலு ஆட்டைக் கட்டிப் பாத்தாங்களாம். ஆடு பாட்டுக்குத் தழை தின்னுச்சாம்!"

சந்தியாகு சிரித்தான். பெர்னதெத் சிரிக்கவில்லை. அவளுக்குக் காரணம் உடனே பிடிபட்டது. திருவிழாக்களுக்கு மைக் செட் கட்டுவதுதான் அவளும் இன்னாசியும் செய்யும் தொழில். கொட்டு மேளம் மாதிரிக் கனத்த 'பேஸ்' சத்தம் எந்தக் குழாய் ஸ்பீக்கருக்கும் அடங்காது, தெரு முழுக்கப் பரவிவிடும். குழாய் பார்க்கிற பக்கம் நேராகப் போவது விசில் மாதிரிக் கூர்மையான சத்தம்தான். வெடிச்சத்தம் கனத்தது. நாலாபக்கமும் சிதறினால் ஆட்டைக்கூட அசைக்காது.

அவள் சட்டென்று நின்றாள். சட்டியால் வீசத்தான் முடியுமா? வாரவும் முடியுமே! கடலிலிருந்து வரும் சத்தம் சட்டி முழுக்க விழுந்து, வளைவில் பட்டுத் திரும்பி, தூண் இருக்கும் இடத்தில் வந்து குவியாதா? காற்று வேறு அசையாமல் கிடக்கிறது. சத்தத்தைக் கலைக்க எதுவுமில்லை.

"ரெண்டு பேரும் மூச்சு விடாதீங்க!"

தூணருகே போய்ச் சட்டியைப் பார்த்து நின்று காதைக் கொடுத்தாள். அலை காதுக்குள்ளேயே உடைந்தது. எங்கோ ஒரு கடற்பறவை தோளில் உட்கார்ந்து கத்துவது போலிருந்தது. மெல்லக் கிழக்கே நகர்ந்தாள். ஒன்றுமில்லை. இன்னும் ஓரடி.

டங்... டங்...

செம்பு தகரத்தில் மோதும் சத்தம்! கை நீட்டினால் தொடலாம் போல அவ்வளவு கிட்டே!

"இன்னாசி! உசுரோட இருக்கான்!"

"நாம வந்தது அவனுக்குத் தெரியட்டும்!" சந்தியாகு சைகைக்கென்று பையில் கொண்டுவந்திருந்த அதிர்வேட்டை எடுத்து, அவள் தடுப்பதற்குள் சட்டிக்கு முன்னால் வைத்துக் கொளுத்திவிட்டான்.

டமார்!

தீவே குலுங்கியது. பறவைகள் சிதறிப் பறந்தன. பெர்னதெத் மறுபடி காதைக் கொடுத்தாள். அலைதான் கேட்டது. தட்டல் நின்றுபோயிருந்தது.

நைனா காக்கா தலையில் அடித்துக்கொண்டார். "அறிவிருக்காலே ஒனக்கு? கடல்ல வேட்டுச் சத்தம் கேட்டா நம்மாளு என்ன செய்வான்? நேவி ரோந்துக்காரன் சுடுறான்னு படுத்துருவான்! அவன்கிட்ட எடுக்கக்கூடாத செம்பு வேற இருக்கு!"

"நான் நல்லதுக்குத்தான்..." சந்தியாகு வெடித்த தாள்களைக் காலால் மணலுக்குள் தள்ளினான்.

பெர்னதெத் மறுபடி குழிக்கும் கடலுக்குமாக நடந்தாள். படுத்துக் கிடப்பவன் அங்கேயே தாகத்தில் மயங்கிவிட்டால்? நீரோட்டம் அவனை இழுத்துப்போகாமல் விடுமா? ரோந்து இல்லை, அக்காதான் என்று எப்படிச் சொல்வது?

எந்தப் புள்ளியில் அவன் சத்தம் குவிந்ததோ, அந்தப் புள்ளியிலிருந்து கத்தினால் குரல் வந்த வழியே திரும்பி அவனிடம் போகும். ஆனால் நீளமாகப் பேசினால் தேய்ந்துவிடும். எதைச் சொன்னால் அவன் எழுவான்?

அவள் அதே இடத்தில் கால் ஊன்றினாள். சட்டியைப் பார்த்து, எவ்வளவு கூர்மையாக முடியுமோ அவ்வளவு கூர்மையாக, ஒவ்வொரு திருவிழாவிலும் கத்துவதைக் கத்தினாள்.

"அலோ...! அலோ...! டெஸ்டிங்...!"

சந்தியாகு வாயைப் பிளந்தான். அவள் விரலை உதட்டில் வைத்து விநாடிகளை எண்ணத் தொடங்கினாள். திருவிழாவில் அவள் மைக்கில் இப்படிக் கத்தும்போது, தெருக்கோடியில் கட்டிய குழாய் ஸ்பீக்கரின் அடியில் நிற்பான் இன்னாசி. சத்தம் தெளிவாக வந்தால் கம்பத்தில் மூன்று தட்டுத் தட்டுவான்.

ஏழு... எட்டு... ஒன்பது...

டங். டங். டங்.

கண்ணைத் துடைக்கவும் அவளுக்கு நேரமில்லை. "காக்கா, துடுப்பைக் குடுங்க! நான் சட்டிக்கு நேரா இல்லாம கிழக்கே எவ்வளவு சாஞ்சு நிக்கேனோ, அவன் மேக்கே அவ்வளவு சாஞ்ச தெசையில இருக்கான். கண்ணாடியில பட்ட வெளிச்சம் மாதிரி!" தென்மேற்கே துடுப்பைக் கிடத்திக் காட்டினாள். "சத்தம் ஒரு கிலோமீட்டர் போக மூணு விநாடி. போய் வர ஒன்பது. அப்போ ஒண்ணரை கிலோமீட்டர்!"

"அதுக்கு எண்ணெய் போதும்!" நைனா காக்கா துடுப்பின் மேல் திசைகாட்டியை வைத்துப் பார்த்துவிட்டு ஓடினார்.

படகு பனிக்குள் பாய்ந்தது. படகின் முன்முனையில் படுத்துப் பாறைகளைப் பார்த்தான் சந்தியாகு. "வலத்த திருப்பு காக்கா! பாறை! பாறை!" படகின் அடி கரகரவென்று உரசியது. தப்பித்தார்கள்! என்ஜினை நிறுத்திக் காது கொடுத்தார்கள். இடப்பக்கம், மிக அருகே, டங்.

பாதி முழுகிய வள்ளம். வள்ளத்தில் கிடந்த காலித் தகர டிரம்மைக் கட்டிப்பிடித்தபடி இன்னாசி. உதடு வெடித்திருந்தது. கையில் ஒரு முழச் செம்புக் குழாய்.

தண்ணீரை மடக்கு மடக்காகக் குடித்த பிறகுதான் அவனுக்குப் பேச்சு வந்தது.

"நல்லாத்தான் கேட்டுச்சுக்கா. பேஸ் மட்டும் கம்மி."

பெர்னதெத் அவன் தலையில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு அந்தத் தலையை மடியில் இழுத்துக்கொண்டாள்.

"மத்த செம்பெல்லாம் எங்கலே?" என்றான் சந்தியாகு.

"கடலுக்குள்ள. அதை வச்சிருந்தா நான் உள்ள போயிருப்பேன். தட்டுறதுக்கு ஒண்ணு வேணும்னு இதை மட்டும் வச்சிக்கிட்டேன்."

வெயில் ஏறிப் பனி கலைந்தபோது அவர்கள் கரையை நெருங்கினார்கள். மணலில் நின்ற கூட்டம் ஓவென்று கத்தியது. தண்ணீருக்குள் இறங்கி வந்து இன்னாசியைத் தூக்கிக்கொண்டார்கள்.

"எதிரி கப்பலே மிரளணும்னு கட்டின சட்டி. ஒரு ஆட்டைக்கூட மிரட்டல. நீ காதைக் குடுத்த, ஆளைக் குடுத்துருச்சு" என்றார் நைனா காக்கா.

"வேட்டுக்கும் அதேதான் பாடம்" என்று சந்தியாகுவைப் பார்த்தாள் பெர்னதெத். அவன் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

தை மாதத் திருவிழாவில் அதே பழைய ஆம்ப்ளிபயரைத்தான் கட்டினார்கள். பெர்னதெத் மைக்கைத் தட்டி, "அலோ... அலோ... டெஸ்டிங்" என்றாள்.

தெருக்கோடியிலிருந்து கம்பத்தின் மேல் செம்பு மூன்று முறை ஒலித்தது. அவள் வழக்கம்போல உடனே பாட்டைப் போட்டுவிடவில்லை. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றாள்.