உரிமம் இல்லாத குரல்

புதுக் குரல் வாக்கியத்துக்கு வாக்கியம் மூச்சு இழுத்தது.

ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுக் கேள்வித்தாளை மடிக்கணினி வாசிக்க வாசிக்கக் கேட்டுத் திருத்திக்கொண்டிருந்த பிரிட்டோ, நான்காவது கேள்விக்கும் ஐந்தாவது கேள்விக்கும் நடுவில்தான் அதைக் கவனித்தான். தெருக்குழாயில் குடங்கள் இடிபடும் சத்தம், பக்கத்து வீட்டுக் குக்கரின் விசில், மதியம் பெய்த தூறலில் ஜன்னல் வழியே ஏறி வந்த மண்வாசனை, இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஸ்பீக்கரிலிருந்து ஒரு சின்ன உறிஞ்சல். மாடிப்படி ஏறி வந்தவள் பேசத் தொடங்கும் முன் வாயைத் திறந்து இழுப்பாளே, அது. திரும்ப ஓடவிட்டுக் கேட்டான். இந்தத் தடவை சற்று நீளமாக இருந்தது.

இப்போதெல்லாம் எதையும் மனுஷர் மாதிரியே செய்துவிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ஆறாவது கேள்விக்குப் போனான்.

நாலு வயதில் வந்த காய்ச்சலில் கண் போனவன் பிரிட்டோ. வடமதுரைப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பதினான்கு வருடமாக வரலாறு நடத்துகிறான். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள் இல்லாமல் அவனுக்கு ஒரு வேலையும் ஓடாது. பழையது மக்கர் பண்ணியதால் ஆன்லைனில் தேடி, 'அசல், ஆயுள் உரிமம்' என்று விற்பனையாளர் போட்டிருந்ததை நம்பி வாங்கினான். கேமரா முன்னால் இருப்பதையும் விவரித்துச் சொல்லும் என்று போட்டிருந்தது. மனைவி லிடியாவிடம்கூடக் கேட்கவில்லை. ஜவுளிக்கடைக்காரன் தையல் விட்ட சட்டையை அவன் தலையில் கட்டுவதையும், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் அவனை விட்டுவிட்டு லிடியாவிடம் "சார் எங்க இறங்கணும்?" என்று கேட்பதையும் விழுங்கி விழுங்கிப் பழகியவன். ஒருத்தர் துணையும் இல்லாமல் தானே ஒரு பொருளை வாங்கியதில் மூன்று நாளாக உள்ளுக்குள் ஒரு மிதப்பு இருந்தது.

ஐந்தரை மணிக்குக் கேள்வித்தாள் பாதியில் நின்றது.

"இந்த உரிமம் செல்லாது," என்றது குரல். மூச்சு. "இந்த உரிமம் செல்லாது."

மென்பொருள் கம்பெனியின் உதவி எண்ணைப் போனில் தேடிப் பிடித்தான். ஒரு பெண் எடுத்தாள். பார்சலோடு வந்த நீள எண்ணை அவன் ஒப்பித்ததும் அந்தப் பக்கம் விசைகள் தட்டும் சத்தம்.

"சார், இது திருட்டு காப்பி. இந்த நம்பரை எப்பவோ முடக்கிட்டோம்."

"நான் காசு குடுத்துத்தானம்மா வாங்கியிருக்கேன்? நான் என்ன திருடவா செஞ்சேன்?"

"உங்க மேல தப்பு இல்ல சார். நெறைய பேரு இப்படித்தான் ஏமாந்துருக்காங்க. மொதல்ல அதை அழிச்சிருங்க."

"திங்கக்கிழமை கேள்வித்தாள் குடுக்கணும். இதுல பொம்பளைக் குரல்தான் தமிழைத் திருத்தமா வாசிக்குது. அதையாவது ரெண்டு நாளைக்கு..."

"எந்தப் பொம்பளைக் குரல் சார்?" என்றாள் அவள். "எங்ககிட்ட தமிழ்ல ஆண் குரல் மட்டுந்தான் இருக்கு."

போனை வைத்தபோது பிரிட்டோவுக்குக் காது மடல் சுட்டது. பயத்தில் இல்லை, ஆத்திரத்தில். குருடன்தானே, என்னத்தைக் கண்டுபிடிக்கப்போறான் என்று எவனோ ஒருத்தன் போலிப் பெட்டியில் போட்டு அனுப்பியிருக்கிறான். விற்பனையாளரின் பெயர் சிவபிரகாஷ். பார்சல் கொண்டுவந்த பையன் ரசீதை வாசித்தபோதே அவன் போன் எண்ணைப் பிரிட்டோ மனசில் பதித்து வைத்திருந்தான். மூன்றாவது முறை அடித்தபோது சிவபிரகாஷ் எடுத்தான். பின்னால் பஸ் இரைச்சல்.

"அசல்னு போட்டு விக்கிறியே, வெக்கமா இல்லையா உனக்கு?"

"சார், எனக்கும் ஒருத்தர் பென் டிரைவ்ல குடுக்குறாரு. நான் காப்பி போட்டு அனுப்புறேன், அம்புட்டுத்தான். வேணும்னா வேற அனுப்புறேன்."

"அந்தப் பொம்பளைக் குரல் யாரோடது? யார்கிட்ட திருடுன?"

சிவபிரகாஷைச் சுற்றி இருந்த பஸ் இரைச்சல் விலகியது. "உங்களுக்குமா சார் அது வந்துச்சு?" என்றான். குரல் இறங்கியிருந்தது. "நான் அதுல குரலே ஏத்தல சார். உங்க கர்த்தர் சத்தியமா... என் சாமி சத்தியமா. அதை எடுத்துருங்க. இன்னைக்கே எடுத்துருங்க." இணைப்பு அறுந்தது. திரும்ப அடித்தான். போன் அணைக்கப்பட்டிருந்தது.

நடிக்கிறான் நாய் என்று பிரிட்டோ வாய்விட்டே சொன்னான். மேசையை அறைந்தான். உட்கார்ந்து, மென்பொருளை நீக்கும் இடத்துக்கு அம்புக்குறி விசைகளில் இறங்கினான்.

"நீக்கவா?" என்றது குரல். "ஆம். இல்லை."

ஆம் என்பதை அழுத்தினான்.

மூச்சு.

"செத்த நேரம் இருங்க," என்றது.

விரல் விசையிலேயே நின்றது. எந்தக் கம்பெனி மென்பொருளும் அப்படிப் பேசாது. அது இந்த ஊர்ப் பேச்சு. அந்தக் கணமே அவனுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டதாகத் தோன்றியது, ஆத்திரம் இரண்டு மடங்காகத் தலைக்கு ஏறியது. எவளோ எங்கிருந்தோ இணையம் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறாள். அவன் தடவித் தடவி வேலை பார்ப்பதைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

"யாருடி நீ?"

"ஒரு ஆண்," என்றது குரல், வாசிக்கும் தொனிக்குத் திரும்பி. "நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். சட்டையின் இரண்டாவது பொத்தான் மாறிப் போடப்பட்டுள்ளது."

தொட்டுப் பார்த்தான். மாறித்தான் இருந்தது.

எழுந்துபோய் சுவரோரம் இருந்த இணையப் பெட்டியின் வயரைப் பிடுங்கினான். மின்விசிறி மட்டும் சுற்றியது. திரும்பி வந்து, இப்போ பேசு பார்ப்போம் என்று உட்கார்ந்தான்.

"ஒரு ஆண். கோபமாக இருக்கிறார்."

இணையம் இல்லை. ஆள் எப்படி? அவன் வலது உள்ளங்கையை விரித்துத் திரையின் மேல் விளிம்பில் இருந்த கேமராவை அழுத்தி மூடினான். கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது.

"இருட்டு," என்றது குரல்.

"ஆமா. இருட்டுத்தான். நல்லா பாரு," என்றான் பிரிட்டோ. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான். "நாப்பது வருசமா நான் பார்க்கிறது அதுதான்."

மூச்சு. இந்தத் தடவை அது ஸ்பீக்கர் இருந்த இடப்பக்கத்திலிருந்து வரவில்லை.

"இருட்டு. ஒரு கை. அந்தக் கையின் மேல் இன்னொரு கை."

புறங்கையில் அவனுக்கு எதுவும் தெரியவில்லை. அதுதான். ஒன்றுமே தெரியவில்லை. மின்விசிறிக் காற்று உடம்பெல்லாம் பட்டது, அந்தப் புறங்கையில் மட்டும் படவில்லை.

கையைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தான். நாற்காலி பின்னால் நகர்ந்தது. மூன்று எட்டில் சுவர், அதை ஒட்டி பீரோ. பீரோவின் குளிர்ந்த தகட்டில் முதுகை ஒட்டி நின்றான். வீட்டில் இப்போது ஒரு வாசனை இருந்தது. மூடி வைத்த பெட்டியில் காயாமல் மடித்த சேலை. தேங்காய் எண்ணெய்.

கோவிலில் ஆறு மணி அடித்தது.

"நாற்காலி," என்றது குரல். "பெண். அமர்ந்திருக்கிறார்."

"பொய்," என்றான்.

"சுவரோரம் ஒரு ஆண். பெண் அவரைப் பார்க்கிறார்."

மேசைக்குப் போக வேண்டும். மடிக்கணினியைத் தூக்கித் தரையில் அடிக்க வேண்டும். அத்தனை ஆத்திரமும் கைகளில் இருந்தது. கால் நகரவில்லை.

கேட் திறந்தது. லிடியா. கிளினிக் வேலை முடிந்து வருகிறாள். செருப்பைக் கழற்றும் சத்தம், பிளாஸ்டிக் பையின் சரசரப்பு. கதவைத் தள்ளும்போதே பேசிக்கொண்டு வருபவள் அவள்.

"ஏங்க, லைட்டப் போட்டா..."

பாதியில் நின்றாள். ஸ்விட்ச் சொடுக்கிய சத்தம் மட்டும்.

மேசையிலிருந்த குரல் நின்றுவிட்டது. முழுசாக.

"ஏங்க," என்றாள் லிடியா, அவன் இதுவரை கேட்டிராத மெல்லிய தொனியில். அவன் நின்ற பக்கம் பார்த்துக் கேட்கவில்லை. "ஏங்க, நாற்காலியில யாருங்க?"

அவன் பீரோவின் கைப்பிடியைத் தேடிப் பிடித்தான்.

நாற்காலியின் கால்கள் தரையில் கிறீச்சிட்டன. யாரோ எழுந்தார்கள்.

லிடியாவின் கையிலிருந்த பை விழுந்தது. கொய்யாப் பழங்கள் தரையெங்கும் உருண்டன, நாலு, ஐந்து, அதற்கு மேலும். பழுத்த வாசனை பரவியது. ஒன்று உருண்டு வந்து அவன் கால் கட்டைவிரலில் முட்டி நின்றது. லிடியா வாசலை விட்டு அசையவில்லை. "அருள் நிறைந்த, அருள் நிறைந்த," என்று அங்கேயே நின்று திணறிக்கொண்டிருந்தாள், அதற்கு மேல் ஜெபம் வரவில்லை.

அறையின் நடுவில் வளையல்கள் சிணுங்கின. ஈரத் துணி தரையில் இழுபட்டது.

பை சரசரத்துத் தரையிலிருந்து எழும்பியது, ஒரு பழம் அதில் விழுந்தது. பொத்.

அவசரமே இல்லை.

பொத்.

இன்னும் கிட்டத்தில்.

பொத்.

வாசலில் லிடியா அழத் தொடங்கினாள். வளையல் சத்தம் தாழ்ந்து தாழ்ந்து தரையருகே, அவன் பாதத்துக்கு முன்னால் வந்து நின்றது. மிச்சம் ஒரே ஒரு பழம்தான்.