சக்கரத்தடியில் ஆறு பேர்

எண்பத்தோராம் ஆண்டு மார்ச்சில் குடிசன மதிப்பு எடுக்கும் வேலையை எங்கள் பாடசாலை ஆசிரியர்களின் தலையில் கட்டினார்கள். லிந்துலைப் பக்கத்துத் தோட்டங்களைப் பங்கு போட்டபோது மற்றவர்கள் ரோட்டோரத் தொழிலாளர் லயங்களை எடுத்துக்கொண்டு, எனக்குச் சக்கரத்தடியைத் தள்ளிவிட்டார்கள். "லியனார்ட் மாஸ்டருக்குத்தான் பழைய கதைன்னா உசிராச்சே" என்று சிரிப்பு வேறு.

உயிர்தான். சக்கரத்தடி ஆற்றை ஒட்டிய சின்ன ஊர். வெள்ளைக்காரன் அங்கே முதலில் கோப்பி ஆலை போட்டான். ஆற்றுத் தண்ணீரை வாய்க்காலில் திருப்பி, பெரிய மரச் சக்கரத்தைச் சுற்றவிட்டு ஆலையை ஓட்டினான். கோப்பி அழிந்து தேயிலை வந்ததும் அதே ஆலையில் தேயிலை அரைத்தார்கள். பிறகு மேட்டில் புதிய ஆலை எழும்பியது, கீழே இருந்ததைக் கைவிட்டார்கள். நான் போனபோது சக்கரத்தின் இரும்பு அச்சு மட்டும் புல்லுக்குள் கிடந்தது. பத்து அறைகள், அதாவது பத்துக் காம்பரா, வரிசையாக இருந்த லயத்தில் நாலே குடும்பங்கள்.

முதல் காம்பராவில் பழனியாண்டியும் அவன் மனைவி பேச்சியம்மாவும். பிள்ளைகள் இல்லை. இந்தியா போகப் பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டது, அடுத்த வியாழன் ரயில். பேச்சியம்மாவுக்கு வயது முப்பத்தெட்டு. கேள்விக்குப் பதில் சொல்லும்போதெல்லாம் அவள் கண் வாசலுக்கே போய்வந்தது.

நாலு வீட்டையும் முடித்தபோது மணி மூன்றுதான். அதற்குள் பனிமூட்டம் இறங்கிவிட்டது. ஆற்றின் சத்தம் எந்தப் பக்கம் என்று பிடிபடவில்லை. நடந்தால் பின்னால் கேட்டது, நின்றால் காலடியில் கேட்டது. காயாத துணியின் வாடை மூக்கில் ஏறியது.

காலி என்று நான் விட்டுவந்த, ஆற்றுப் பக்கத்துக் கடைசிக் காம்பராவில் பேச்சுக்குரல். கதவைத் தட்டினேன்.

"யாருங்க?" ஆண் குரல்.

"குடிசன மதிப்புங்க. பேர் எழுத வந்திருக்கேன்."

"எல்லாரையும் எழுதுவீங்களா?"

கதவு திறக்கவில்லை. உள்ளே காய்ச்சல்காரர் யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்து வெளியே நின்றபடியே எழுதினேன். செல்லசாமி, குடும்பத் தலைவர். மனைவி ராசம்மா. பிள்ளைகள் இராமையா, மூக்காயி, சின்னான். கடைசி மகள் பேச்சியம்மா, வயது நாலு. மொத்தம் ஆறு பேர்.

"பிரஜாவுரிமை இருக்கா?"

"அப்படின்னா என்னாங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் சனம் முழுக்க அந்த ஒரு காகிதத்துக்காக வரிசையில் நின்று தேய்கிறது, இங்கே அந்தச் சொல்லே தெரியாத ஒரு மனிதர்!

திரும்பும் வழியில் முதல் காம்பராப் பேச்சியம்மா எனக்குத் தேத்தண்ணி வைத்திருந்தாள். "கடைசி வீட்லயும் ஒங்க பேர்ல ஒரு புள்ள இருக்கே" என்று வேடிக்கையாகச் சொன்னேன். எழுதியதை வாசித்தும் காட்டினேன்.

அவள் முகத்தில் இரத்தமே இல்லை.

"மாஸ்டர், அந்தக் காம்பராவப் பூட்டி முப்பத்திநாலு வருசமாச்சு."

எட்டிப் பார்த்தேன். மூட்டம் விலகிய இடத்தில் அந்தக் கதவில் துருப்பிடித்த பூட்டு.

"நாப்பத்தேழுல வெள்ளம்," என்றாள் தணிந்த குரலில். "ஆலைக்கு ஆபத்துன்னு தோட்டத்து வெள்ளைக்காரத் தொரை மதகத் தொறந்து தண்ணிய லயத்துப் பக்கம் திருப்பச் சொல்லிட்டாராம். லயத்துச் செவரு மட்டும் நின்னுச்சு. எங்கம்மா, அப்பா, கூடப்பொறந்ததுக எல்லாம் போயிருச்சு. நான் மட்டும் மேட்டு லயத்துல அத்தை வீட்ல இருந்தேன்."

"அப்ப உள்ள பேசினது?"

"அப்பாதான். தெனம் ராத்திரி கதவச் சாத்துறதுக்கு முந்தி ஒவ்வொருத்தர் பேரா கூப்பிட்டு எண்ணிப் பாப்பாராம். அன்னிக்கு ஒரு ஆளு கொறஞ்சிருக்கும்ல? இன்னமும் பொழுது சாயுறப்ப என்னையக் கூப்பிடுறாரு. நான் ஒரு நாளும் பதில் சொன்னதில்ல. கடலத் தாண்டிட்டா விட்டுருவாருன்னுதான் கெளம்புறேன்." என் கையிலிருந்த படிவத்தை அவள் தொடவும் பயந்தாள். "என் பேர அதுலருந்து வெட்டிருங்க மாஸ்டர். இல்லாட்டி என்னையப் போக விடமாட்டாரு."

"வெட்டிர்றேன்" என்றேன். வெட்டவில்லை. மேற்பார்வையாளர் தம்பிராசா யாழ்ப்பாணத்துக்காரர், படிவத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் முழுவதையும் திருப்பி எழுத வைப்பவர். யாரோ வீடற்றவர்கள் பின்பக்கமாக ஏறி அங்கே குடியிருக்கிறார்கள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். சோம்பல்தான், வேறென்ன.

வியாழக்கிழமை வழியனுப்பத் தலவாக்கலை ஸ்டேசனுக்குப் போனேன். மேடை முழுக்க ஒப்பாரி. பேச்சியம்மா மட்டும் அழவில்லை. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"வெட்டிட்டீங்களா மாஸ்டர்?"

"வெட்டிட்டேம்மா."

அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். அந்தப் பொய்யை இதுவரை எந்தப் பாவசங்கீர்த்தனத்திலும் சாமியாரிடம் நான் சொல்லவில்லை, வாய் வரவில்லை.

மறுநாள் மத்தியானம் பழனியாண்டி பாடசாலை வாசலில் நின்றான். தனியாக.

"நாவலப்பிட்டி தாண்டுனோம் மாஸ்டர். 'அப்பா கூப்பிடுறாரு'ன்னா. அப்புறம் 'இருக்கேம்ப்பா'ன்னு சொன்னா. நான் திரும்புறதுக்குள்ள ஆளக் காணோம். பொட்டி பொட்டியாத் தேடிட்டேன். அவ ஒக்காந்திருந்த பலகை பூரா தண்ணி."

படிவத்தை எடுத்துக்கொண்டு அவனோடு ஓடினேன். அந்தப் பெயரை அந்த வாசலிலேயே வெட்டிவிட்டால் அவள் திரும்பிவிடுவாள் என்று ஒரு பைத்தியக்கார நம்பிக்கை.

பழனியாண்டி கல்லால் பூட்டை உடைத்தான்.

உள்ளே ஒன்றுமில்லை. தரையில் கனத்த தூசு, ஒரு காலடி கூட இல்லை. பின்சுவரில் ஜன்னலே கிடையாது.

பேனாவைத் திறந்தேன். அதற்குள் அந்த ஆண் குரல் பெயர்களைக் கூப்பிடத் தொடங்கியது.

"இராமையா."

"இருக்கேன்."

குரல்கள் எங்கள் முகத்துக்கு நேரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில்.

"மூக்காயி."

"இருக்கேன்."

"சின்னான்."

"இருக்கேன்."

பழனியாண்டி என் கையை இறுக்கினான்.

"பேச்சியம்மா."

"இருக்கேம்ப்பா."

நாலு வயதுப் பிள்ளையின் குரல் அல்ல அது. ரயில் ஜன்னலில் என்னிடம் கேட்ட அதே குரல்.

"எல்லாரும் வந்தாச்சு," என்றது ஆண் குரல், நிம்மதியாக. "கதவச் சாத்திருங்க மாஸ்டர்."

பேனாவை அந்தப் பெயரின் மேல் வைத்தேன். ஒரு கோடு போட முடியவில்லை. பழனியாண்டி வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"என் பேரையும் எழுதுங்க," என்றான்.

"பேசாம எந்திரிப்பா."

"எழுதுங்க மாஸ்டர். ஒங்களக் கும்புட்டுக் கேக்குறேன்."

எழுதவில்லை. மாதா சத்தியமாக எழுதவில்லை. பேனாவை மூடி, அவனைத் தரதரவென்று இழுத்துவந்து பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் மேடேறினேன். படிவம் அன்று முதல் என் பெட்டிக்குள் பூட்டியே இருந்தது.

திங்கட்கிழமை நுவரெலியா கந்தோரில் தம்பிராசா அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

"வடிவா எழுதியிருக்கிறீர் லியனார்ட். ஒரு வெட்டுக்கூட இல்லை," என்றார். "கடைசி வீட்டில ஏழு பேர், என்ன?"

"ஆறு பேருங்க சேர்."

"இஞ்ச பாரும், ஏழு எண்டுதானே கிடக்கு."

படிவத்தை என் பக்கம் திருப்பினார். ஏழாவது வரியில் மை இன்னும் ஈரமாக இருந்தது. என்னுடைய கையெழுத்து.

பெயர்: பழனியாண்டி. குடும்பத் தலைவருக்கு உறவு: மருமகன்.