சர்வரில் ஓடிக்கொண்டிருந்த தேடல்

அலுவலகத்தில் யாருமே இல்லாத நேரத்தில் சர்வருக்கு மூச்சு வாங்கியது. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து கடலோர ஜர்ஜிஸ் ஊரே சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது. ஜன்னல் இடுக்குகளில் நுழைந்த பாலைக்காற்றில் மீன்வலை நாற்றமும் டீசல் வாடையும் கலந்து வர, கண்காணிப்புத் திரையில் சுமையைக் காட்டும் கோடு மட்டும் இறங்குவேனா என்று உச்சியிலேயே நின்றது. கடலில் காணாமல் போனவர்களைக் குடும்பத்தார் வந்து தேடிப் பார்க்கும் தரவுத்தளம் அது. அதைப் பராமரிப்பவள் ஹயாத். அவள் தம்பி ஷுக்ரியின் பெயரும் அதில் இருந்தது. இத்தாலிக்கென்று படகேறியவன், போனவன் போனவன்தான்.

கைபேசியில் அம்மா.

“கூஸ்கூஸ் ஆறிப்போகுதுடி. வெள்ளிக்கிழமைகூட உன்னை விடமாட்டாங்களா?”

“சர்வர் திணறுதும்மா. என்னன்னு பார்த்துட்டு ஓடி வந்துடறேன்.”

“சீக்கிரம் வா. தம்பிக்கும் தட்டு வெச்சிருக்கேன்.”

அந்தத் தட்டை எடுத்துவிடு என்று சொல்ல இன்றும் அவளுக்கு வாய் வரவில்லை.

சர்வரைப் படுத்துவது எது என்று பார்த்தாள். ஒரே ஒரு தேடல். முன்னறையில் குடும்பத்தார் உட்காரும் கணினியிலிருந்து வந்துகொண்டிருந்தது. காணாமல் போனவர்களின் பதிவுகளை முதலிலிருந்து கடைசிவரை படித்து, கிடைக்காமல், மறுபடி முதலிலிருந்து. தேடப்பட்ட பெயரை இரண்டு தரம் படித்தாள்.

ஹயாத். தாய் பெயர் ஸக்கியா.

அவளேதான்.

தேடலை நிறுத்தினாள். முன்னறையில் யாரோ இருமினார்கள், தண்ணீர் புரையேறியதுபோல. தேடல் மீண்டும் முளைத்தது. எழுந்து போய்ப் பார்த்தாள். கணினி அணைந்திருந்தது. மின்வடம் பிடுங்கப்பட்டுக் கிடந்தது. நாற்காலி நனைந்திருந்தது. ஓடி வந்து மறுபடி நிறுத்தினாள். மறுபடி இருமல். அந்த இருமலை அவளுக்குத் தெரியும்; தம்பிக்கு நீச்சல் பழக்கியவளே அவள்தானே.

பயத்தை முந்திக்கொண்டு அழுகை வந்தது. நாங்கள் அவனைத் தேடுகிறோம், அவனுக்கோ நாங்கள்தான் காணாமல் போனவர்கள். உயிரோடிருப்பவளை அந்தப் பதிவுகளில் எத்தனை தரம் தேடினாலும் எப்படிக் கிடைப்பாள், பாவம்! ஒரு தரம் கிடைத்துவிட்டால் ஓய்ந்துவிடுவான் என்று தோன்றியது. புதிய பதிவு ஒன்றைத் திறந்து, காணாமல் போனவர்களோடு தன் பெயரையும் சேர்த்தாள்.

கோடு சரிந்தது. சர்வரின் விசிறிகள் அடங்கின.

ஈரக் காலடிகள். உப்பு வாடை. நாற்காலிக்குப் பின்னால் ஒரு மூச்சு.

“அக்கா... இங்கதான் இருந்தியா?”

“ஷுக்ரி... என் கண்ணே.”

திரும்ப முடியவில்லை. ஊறி வெளுத்த கை ஒன்று அவள் கைமேல் படிந்தது.

“அம்மாவையும் எழுதுக்கா.”

மேசையில் கைபேசி அடித்தது. அம்மா. எட்டி எடுக்கப் பார்த்தாள். கை வரவில்லை. குளிர்ந்த விரல்கள் அவள் விரல்களை விசைகள்மேல் அழுத்தின. ஒவ்வொன்றாக.

கணினித் திரையில், அவள் பெயருக்குக் கீழே, அம்மாவின் பெயர் எழுத்தெழுத்தாக ஏறியது. கைபேசி அடித்துக்கொண்டே இருந்தது.