பெயரோடு நின்ற அழைப்பு

"நாலு நாளாச்சுங்க. அதே ரகசியச் சொல்லை நூறு தடவை அடிச்சுப் பார்த்தாச்சு. உள்ளயே உடமாட்டேங்குது," என்றார் அர்த்தநாரி. ஓமலூரில் தாயின் பெயரால் 'பூவாத்தாள் ஸ்கேன்' நிலையம் நடத்துபவர். அங்கே எடுக்கும் படங்கள் கணினி வழியாகச் சேலம் செவ்வாய்ப்பேட்டை டாக்டருக்குப் போகும். திங்கள் காலை முதல் டாக்டரின் கணினி இணைப்பை மறுத்துவந்தது.

"நேத்து தலையில அடிபட்டவரோட படத்தை டவுன் பஸ்ல குடுத்தனுப்புனோம். டாக்டர் பாக்கறதுக்கே ரெண்டு மணி நேரமாயிருச்சு."

தொலைபேசி நிலையத்தில் இருபது ஆண்டுகள் பழுது பார்த்த மாரக்காள், இப்போது இத்தகைய சிக்கல்களைத் துப்பறிந்து வந்தார். "யார் மேல சந்தேகமுங்க?"

"டெக்னீசியன் தனப்பிரியாங்க. லீவு தரலைன்னு சனிக்கிழமை சண்டை போட்டுட்டுப் போச்சு. ரகசியச் சொல்லு அந்தப் புள்ளைக்கும் எனக்கும்தான் தெரியும். மாத்தி வெச்சுட்டுப் போயிருக்கும். வேலைக்கு வர வேண்டாம்னுட்டேன்."

"அப்ப அவங்களேதான்," என்றார் மாரக்காளின் கூட்டாளி குருமூர்த்தி.

மூவரும் ஓமலூருக்குப் போனார்கள். நிலையத்தின் வாசலில் ஏணி மேல் நின்ற பெயின்டர், பலகையிலிருந்த ஆங்கிலப் பெயரின் நடுவில் ஓர் எழுத்தை நெருக்கிப் புகுத்திக்கொண்டிருந்தார். உள்ளே குருமூர்த்தி மூன்று முறை முயன்றார். மூன்று முறையும் மறுப்பு. "என்ன எழவு மிஷினோ" என்று விசைப்பலகையைத் தள்ளினார்.

மாரக்காள் செவ்வாய்ப்பேட்டைக்குப் போன் செய்து, டாக்டரின் கணினியில் பதிவானதைப் படிக்கச் சொல்லி எழுதிக்கொண்டார்.

"அழைப்பு வந்துச்சு, பேர் வந்துச்சு, துண்டிச்சாச்சு. அத்தனை தடவையும் இதேதான்," என்று எழுதியதைப் படித்துக் காட்டினார்.

"அதான், ரகசியச் சொல்லு தப்பு," என்றார் அர்த்தநாரி எரிச்சலுடன்.

"இல்லைங்க. இங்கிருந்து கூப்பிட்டா, அந்தக் கம்ப்யூட்டர் முதல்ல பேரைப் பார்க்கும். பேர் அதோட பட்டியல்ல இருந்தாத்தான் ஒரு எண் அனுப்பும், ஒவ்வொரு தடவையும் வேற எண். இங்க இருக்கற கம்ப்யூட்டர் அந்த எண்ணையும் ரகசியச் சொல்லையும் சேர்த்துக் கணக்குப் போட்டு விடையை மட்டும் அனுப்பணும். அங்கயும் அதே கணக்கைப் போட்டுப் பார்ப்பாங்க. ஒத்து வந்தா உள்ளே விடும். சொல்லு வெளியே போறதே இல்லை," என்றார் மாரக்காள்.

"சொல்லு மாறியிருந்தா விடை தப்புமே," என்றார் குருமூர்த்தி.

"தப்பான விடைன்னு பதிவாகியிருக்கும். ஆனா அங்கிருந்து எண்ணே வரலை. சொல்லுக்கு வேலையே வரலை. பேரோட நின்னுபோச்சு."

திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். டாக்டரின் பட்டியலில் உள்ளதைவிடக் கணினியின் பெயரில் ஆங்கில 'ஏ' ஒன்று கூடுதலாக இருந்தது.

"வாசல்ல பெயின்டர் எழுதறதும் இதே எழுத்துதான். கம்ப்யூட்டர்ல யாருங்க சேர்த்தது?"

அர்த்தநாரி நாற்காலியில் உட்கார்ந்தார். "நான்தானுங்க. ஒரு எழுத்து கூடுனா தொழில் செழிக்கும்னு நியூமராலஜி பாக்கறவர் சொன்னாரு. ஞாயித்துக்கிழமை பில்லு, லெட்டர்பேடு, கம்ப்யூட்டர் எல்லாத்துலயும் மாத்துனேன். பேர்தானேன்னு நெனச்சேன்."

மாரக்காள் அந்த எழுத்தை அழித்தார். அடுத்த நிமிடமே முதல் படம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போய்ச் சேர்ந்தது.

அர்த்தநாரி தனப்பிரியாவை அழைத்தார். "தப்பு என்னோடது சாமி. நாளைக்கு வந்துரு."

"இன்னைக்குக் காலைலதானுங்க சேலத்துல வேற எடத்துல சேர்ந்தேன்," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அவர் மறுபடி அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.