நாலாவது ஆளின் எடை

தீவிலிருந்து அன்று காலை வந்த கடிதத்தில் நாலாவது ஆளின் எடை ஒரு கிலோ என்று இருந்தது.

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு திரையைக் கிட்டத்தில் பார்த்தாள். நேற்று மாலை வரை அந்தக் கட்டத்தில் பூஜ்யம்தான் இருந்தது. பூஜ்யம்தான் இருக்கவும் வேண்டும், ஏனென்றால் நாலாவது ஆள் என்று ஒருத்தர் பிறக்கவே இல்லை.

அவள் வேலை பார்ப்பது ஒரு பயண ஏற்பாட்டு அலுவலகத்தில். ஊர் சுற்றக் கிளம்புகிறவர்களுக்கு டிக்கெட்டும் அறையும் பிடித்துக் கொடுக்கும் வேலை. அங்கே ஒரு பழக்கம் உண்டு. ஐந்து பேர் போகிற வண்டியில் ஆறாவது இடத்தில் முன்பின் தெரியாத யாரும் வந்து உட்கார்ந்துவிடாமல் இருக்க, இல்லாத ஒருவரின் பெயரை எழுதிவைப்பார்கள்; கிளம்புவதற்கு முந்தின நாள் அடித்துவிடுவார்கள். அந்த இல்லாத மனிதருக்கு அலுவலகம் வைத்த பெயர் பெரியப்பா. "அந்த சீட்டுல பெரியப்பாவை உக்கார வை" என்றால் எல்லோருக்கும் புரியும். வயது அறுபத்திரண்டு. பதினோரு வருஷமாக அறுபத்திரண்டு. பனிமலை, பாலைவனம், கப்பல் பயணம் என்று அவர் பெயர் கொடுக்காத இடம் கிடையாது. பாவம், ஒரு வாசற்படி தாண்டியதும் கிடையாது. அவரை வைத்து அவர்கள் சிரிக்காத நாளும் கிடையாது.

இந்த முறை அவரைத் தன் சொந்தக் குடும்பத்தோடு நாலாவது ஆளாகச் சேர்த்துவிட்டாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அது ஓணான் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

அவர்கள் போகவிருந்தது பவளப்பாறைகளுக்கு நடுவே கிடக்கும் சின்னச் சின்னத் தீவுகளுக்கு. தண்ணீரில் இறங்கும் குட்டி விமானத்தில்தான் போக முடியும். அதனால் ஆள் ஒவ்வொருவரின் எடையையும் முன்கூட்டியே கேட்பார்கள். பாறைப் பக்கம் நீந்தப் போனால் இரண்டு இரண்டு பேராகத்தான் இறங்க வேண்டும், ஜோடி இல்லாதவருக்கு அனுமதி இல்லை. அவளுக்குக் கணவன் ஜோடி. ஏழு வயது மகளுக்கு யார்? எவனோ ஒருவன் கையில் பிள்ளையைக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. மகளின் ஜோடியாகப் பெரியப்பாவை எழுதினாள். கிளம்பும் முன் அவரை அடித்துவிட்டுத் தீவில் உள்ள நீச்சல் பயிற்சிக்காரியைக் கேட்டுக்கொள்ளலாம் என்பது கணக்கு.

அந்த மகளைப் போன வருஷம் சாவு தொட்டுப் பார்த்துவிட்டுப் போயிருந்தது. நுரையீரலில் நீர் கோத்து, மூன்று மாதம் ஆஸ்பத்திரிப் படுக்கையில், பதினாறு கிலோவுக்கு இறங்கிப்போன பிள்ளை. தூக்கினால் துணிமூட்டையைத் தூக்குவது போல இருக்கும். அதை அவள் ஊட்டி ஊட்டி, கெஞ்சி, மிரட்டி, கதை சொல்லி இருபத்திரண்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். ஞாயிறுதோறும் எடை மெஷினில் ஏற்றி நிறுத்துவாள். ஒவ்வொரு கிலோவும் அவள் சம்பாதித்தது. இருபத்திரண்டு வந்தால் மீன் பார்க்கக் கூட்டிப்போகிறேன் என்பது ஆஸ்பத்திரியில் கொடுத்த வாக்கு.

கடிதத்தில் பொடிசின் வரியையும் பார்த்தாள். வீட்டில் மகளின் பெயர் அதுதான், பொடிசு. எழுதிக்கொடுத்தது இருபத்திரண்டு. கடிதத்தில் இருபத்தொன்று.

தட்டச்சுப் பிழை என்று திருத்தி அனுப்பினாள். மறுநாள் வந்த கடிதத்தில் பெரியப்பாவுக்கு மூன்று, பொடிசுக்குப் பத்தொன்பது.

ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கூடச் சரியாகக் கழற்றாமல் மெஷினை இழுத்துப்போட்டாள். பொடிசு சிரித்துக்கொண்டே ஏறி நின்றாள். கன்னம் உப்பலாகத்தான் இருந்தது, கைகால் கொழுகொழுவென்றுதான் இருந்தது. முள் பத்தொன்பதில் நின்றது.

இறக்கி மறுபடி ஏற்றினாள். பத்தொன்பதுதான்.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். மெஷினைப் பிரித்து, துடைத்து, பூட்டி, தான் ஏறி நின்று பார்த்தான். "மெஷின் பொய் சொல்லாது. நாளைக்கு டாக்டர்கிட்ட காட்டிடுவோம்" என்றான். குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது. டாக்டர் படம் எடுத்தார், ரத்தம் எடுத்தார். நுரையீரல் கண்ணாடி மாதிரி இருக்கிறது என்றார். அங்கே எடை பதினாறு காட்டியது. அது கணக்கு எழுதும் பெண் தவறாகப் பார்த்திருப்பாள் என்று அவரே சொல்லிவிட்டார். பார்த்தால் பதினாறு கிலோ பிள்ளையா இது?

அவள் அந்தக் கடிதங்களைக் கணவனிடம் காட்டினாள். "யாரோ விளையாடுறாங்க. உங்க ஆபீஸ்ல இருக்குற லட்சணத்துக்கு இதுவும் நடக்கும்" என்றான் அவன். "நீ வேலை வேலைன்னு ஓடி உடம்பைக் கெடுத்துக்கிட்ட. ஒருவாரம் தண்ணியில கெடந்தா எல்லாம் சரியாயிடும்."

அன்று முதல் வீட்டில் ஒரு வாசனை வரத் தொடங்கியது. கெட்ட வாசனை இல்லை. வாங்கிவைத்து ஒருநாளும் எடுத்துப்போகாத பயணப் பெட்டியைத் திறந்தால் வருமே, அந்துருண்டையும் ரெக்ஸினும் கலந்து, அந்த வாசனை. பகலில் சமையலறையில் நின்று பாத்திரம் கழுவும்போது பொடிசின் அறைப்பக்கமிருந்து ஒரு சத்தமும் வந்தது. வரிசையில் வெகுநேரம் நின்று கால் கடுத்துப்போனவர்கள் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு உடம்பை மாற்றிக்கொள்வார்கள் அல்லவா, அப்படிச் செருப்பு தரையில் மெல்ல உரசும் சத்தம், பொறுமையான சத்தம். தண்ணீரை நிறுத்திவிட்டுக் கேட்டால் நின்றுவிடும். குழாயைத் திறந்தால் மறுபடி.

எட்டிப் பார்த்தாள். பொடிசு தரையில் குப்புறப் படுத்து மீன் வரைந்துகொண்டிருந்தாள். வெயில் ஜன்னல் வழியாக விழுந்துகிடந்தது. வேறு ஒருவரும் இல்லை.

"அம்மா, பெரியப்பாவுக்கு நீந்தத் தெரியாதாம்."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் அந்தப் பேச்சை அவள் பிள்ளை காதுபட எடுத்ததே இல்லை.

"எந்தப் பெரியப்பா?"

"நம்மகூட வர்றாரே, அவருதான். தண்ணிக்குள்ள நான் கையைப் பிடிச்சுக்கணுமாம். விட்டுட மாட்டியேன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு." நீல நிறத்தை அழுத்தி அழுத்தித் தேய்த்தாள் பொடிசு. பென்சிலால் தாளில் ஒரு கோடும் விழவில்லை. அழுத்த அவள் கையில் பாரம் இல்லை.

மறுநாள் காலை பொடிசைக் கணவனிடம் ஒப்படைத்துவிட்டு, வேலைக்குப் போகாதே என்று அவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, அலுவலகத்துக்கு ஓடினாள். அவள் மேசைக்குப் பக்கத்து மேசை கேன்சல் அக்காவுடையது. ரத்து செய்கிற வேலையெல்லாம் அந்த அம்மாள்தான் பார்ப்பார், இருபது வருஷமாக. ஆயிரம் கல்யாணப் பயணங்களை ஒற்றை விரலால் அழித்தவர்.

"அக்கா, பெரியப்பாவை அடிச்சிடுங்க."

"இன்னும் நாலு நாள் இருக்கே. அதுக்குள்ள அவரு மேல என்ன கோவம்?" அக்கா சிரித்துக்கொண்டே விசையைத் தட்டினார். தட்டியவர் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டார். "ஜோடியில ஒருத்தரை மட்டும் எடுக்க முடியாதுங்குது. அவரை எடுத்தா உன் பொண்ணையும் எடுக்கணுமாம்."

எடுப்பது என்கிற சொல் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"பயணமே வேண்டாம்க்கா. எல்லாத்தையும் ரத்து பண்ணுங்க."

அக்கா தட்டினார். மறுபடி ஒருமுறை தட்டிப் பார்த்தார். பிறகு இத்தனை வருஷத்தில் இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை என்கிற முகத்தோடு திரையை அவள் பக்கம் திருப்பினார். முழுப் பயணத்தையும் ரத்து செய்யப் பெரியவர்கள் எல்லோரும் ஒப்ப வேண்டும் என்று அதில் இருந்தது. இருவர் ஒப்பினர். ஒருவர் ஒப்பவில்லை.

"யாருடி ஒப்பலை?" என்றார் அக்கா. கேட்டுவிட்டு, பதிலைக் கேட்க விரும்பாதவர் போல எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். திரும்பி வரவில்லை.

அவள் அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜோடிகளை மாற்றும் பக்கத்தைத் திறந்தாள். பொடிசை அப்பாவோடு எழுதினாள். பெரியப்பாவோடு தன் பெயரை எழுதினாள். என்னை எடுத்துக்கொள், என்று மனதுக்குள் சொன்னாள். ஐம்பத்தெட்டு கிலோ இருக்கிறேன், ஒரு கிராம் விடாமல் எடுத்துக்கொள். பெற்றவளுக்கு அதற்குமேல் என்ன யோசனை?

மாற்றம் ஏற்கப்பட்டது என்று உடனே பதில் வந்தது.

அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள். இன்னும் உச்சிக்கு ஏறாத காலை வெயில், தெரு பளீரென்று இருந்தது. தன் கால் லேசாகிறதா என்று ஒவ்வோர் அடியிலும் பார்த்துக்கொண்டே மூன்று மாடி ஏறினாள். மூச்சு வாங்கியது. முழங்கால் வலித்தது. உடம்பு எப்போதும்போலக் கனமாகத்தான் இருந்தது, அதுதான் அவளுக்குப் புரியவில்லை.

வீட்டில் பொடிசு மட்டும் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். காலில் ஷூ. முதுகில் பை.

"அப்பா எங்கடி?"

"நீச்சல் கண்ணாடி வாங்கக் கடைக்குப் போயிருக்காரு. இப்ப வந்துடுவாரு." பொடிசு முகத்தைச் சுளித்தாள். "நீ ஏன்மா ஜோடியை மாத்தின? பெரியப்பா எவ்வளவு அழுதாரு தெரியுமா? எல்லாரும் பேரை எழுதுறாங்க, அப்புறம் அடிச்சிடுறாங்க, யாருமே கூட்டிட்டுப் போகலன்னு. அதான் நானே வர்றேன்னு சொல்லிட்டேன்."

"யார்கிட்ட சொன்ன?"

"அவருகிட்டதான்."

அவள் கைப்பையில் போன் அதிர்ந்தது. தீவிலிருந்து கடிதம். குழந்தை விரும்பியபடி ஜோடிகள் பழையபடி மாற்றப்பட்டன. நாலாவது ஆள், இருபத்திரண்டு. பொடிசு, பூஜ்யம்.

பொடிசு உட்கார்ந்திருந்த இடத்தில் சோபா மெத்தை புதுசு போலச் சமமாக இருந்தது. பக்கத்தில் அது பள்ளமாக அமுங்கியிருந்தது.

பிறகு பள்ளம் மெல்ல நிமிர்ந்தது. யாரோ எழுந்துகொண்டார்கள்.

அவள் பாய்ந்துபோய்க் கதவைப் பூட்டினாள். சாவியை உள்ளங்கையில் வைத்து இறுக்கினாள். திரும்பி ஓடிவந்து பொடிசைக் கட்டிப்பிடித்தாள். வாசனை முகத்தில் அடித்தது. அந்துருண்டை. ரெக்ஸின். கண்ணை மூடிக்கொண்டு இறுக்கினாள். இன்னும் இறுக்கினாள். விடமாட்டேன். விடவே மாட்டேன்.

"வலிக்கலையேம்மா" என்றாள் பொடிசு. குரல் கதவுக்கு வெளியிலிருந்து வந்தது.

கண்ணைத் திறந்தாள். தன்னையேதான் கட்டிக்கொண்டிருந்தாள்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம். ஒரு ஜோடிக் கால். அவசரமில்லாத கால்.

சாவி பூட்டில் நுழைந்தது, திரும்பவில்லை. இரண்டு கையாலும் திருப்பினாள். கதவை இடித்தாள். கத்தினாள். பால்கனிக்கு ஓடினாள்.

கீழே வெயில். பொடிசு நடைபாதையில் போய்க்கொண்டிருந்தாள். வலது கையை மேலே தூக்கி, உயரமான யாரோ ஒருவரின் கையைப் பிடித்திருப்பது போல. ஷூ தரையில் பட்டும் படாமலும். எதிரே தெருமுனையில் கணவன் திரும்பினான், கையில் கடைப் பையோடு.

"பிடிங்க! புள்ளையைப் பிடிங்க!"

அவன் நின்றான். நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பிறகு பொடிசைப் பார்த்தான். பொடிசுக்குப் பக்கத்தில், உயரத்தில், பார்த்தான். பார்த்ததும் நடைபாதையிலிருந்து கீழே இறங்கி, பெரியவர்களுக்கு வழி விடுவது போல ஒதுங்கி நின்றான். குனிந்து நீச்சல் கண்ணாடியைப் பொடிசின் கழுத்தில் மாட்டினான். மகளின் தலையைத் தடவிக்கொடுத்தான்.

மூன்று மாடி உயரத்திலிருந்து அவளுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. கணவனின் நிழல் சாலையில் ஓரமாக விழுந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் வயதான ஓர் ஆணின் நீண்ட நிழல், ஒரு கையைக் கீழே நீட்டியபடி முன்னால் நகர்ந்துபோனது. நீட்டிய அந்தக் கையின் முனையில், பொடிசு துள்ளித் துள்ளி நடந்த இடத்தில், தரை வெறும் வெயிலாகக் கிடந்தது.