மூடி வைத்த குளம்

வக்கீல் வீட்டுப் பின்பக்க கேட்டை நான் முதன்முதலாகத் திறந்தபோது காலை பத்து மணி. குளிர்காலம் தொடங்கிவிட்டிருந்தது. வெளிச்சம் இருந்தது, வெயில் இல்லை. வானம் கழுவிப் போடாத பாத்திரம் மாதிரி மங்கிக் கிடந்தது.

வீடு பூட்டியிருந்தது. குளிர் முடியும்வரை வக்கீலும் அவர் மனைவியும் மகன் வீட்டில் இருப்பார்கள். யாரும் குளிக்காத அந்த நான்கு மாதமும் நீச்சல் குளத்தைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். பன்னிரண்டு வருடமாக அந்த ஆள் என் வீட்டுக்காரர்.

இப்போது நான்.

"சும்மா கிடக்கிற குளம்தான் சீக்கிரம் கெடும்" என்பார் அவர். மற்றவர்கள் வீட்டில் கால் நீட்டும் மாதங்களில்தான் அவருக்கு வேலை அதிகம். தண்ணீரை ஒரு சாண் இறக்கவேண்டும். மேலே நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டவேண்டும். பாயின் மேல் தேங்கும் மழைத் தண்ணீரை மொண்டு ஊற்றவேண்டும். தினமும் ஒரு மணி நேரம் பம்பை ஓடவிட்டு, சல்லடைக் கூடையில் சேரும் இலையைக் கொட்டவேண்டும். எனக்குப் பிரசவ வலி எடுத்த அன்று அந்தப் பாய்மேல் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார். மகளை மறுநாள்தான் பார்த்தார். இத்தனைக்கும் அந்த மனுஷனுக்கு நீச்சல் தெரியாது. ஒரு நாளும் அந்தத் தண்ணீரில் கழுத்துவரை நனைந்ததில்லை.

அவர் செத்ததும் தண்ணீரில் இல்லை. பம்பு ரூமில்.

பம்பில் கரண்ட் கசிகிறது, எர்த் சரியில்லை என்று வக்கீலிடம் மூன்று முறை சொல்லியிருந்தார். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றார் வக்கீல். நான்காவது முறை சொல்ல இவர் இல்லை. ஈரத் தரையில் நின்று பம்பைத் தொட்டவருடைய வலது கை அதிலேயே ஒட்டிக்கொண்டது. உடம்பை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அந்த உள்ளங்கையைத்தான் முதலில் பார்த்தேன். கருகியிருந்தது.

விசாரணைக்கு வக்கீல் ஒரு காகிதம் எழுதிக்கொண்டு வந்தார். குடித்துவிட்டுத் தடுமாறி விழுந்தார் என்று இருந்தது. மாதத்துக்கு ஒருநாள் குடிப்பவர்தான். அன்றைக்குக் குடிக்கவில்லை.

"கையெழுத்துப் போடும்மா. அவர் வேலையை நீயே பார்த்துக்கோ. வயசுக்கு வரப்போற பொண்ணை வெச்சிருக்கே, நீ யார்கிட்ட போய் நிப்பே?"

போட்டேன்.

முதல் இரண்டு நாளும் ஒழுங்காகப் போயின. மூன்றாம் நாள், முந்தைய மாலை அடித்த மழைக்குப் பாயின்மேல் தண்ணீர் குட்டையாக நிற்கும் என்று வாளியோடு போனேன். பாய் காய்ந்துகிடந்தது. இலைகள் சுவரோரமாகக் குவிந்திருந்தன. சல்லடைக் கூடை திட்டின்மேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

அதிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

வக்கீலுக்குப் போன் போட்டேன். "வேற யாரையாவது வேலைக்கு வெச்சிருக்கீங்களாய்யா?"

"இல்லையேம்மா. சாவி உன்கிட்ட மட்டும்தானே இருக்கு?"

அதன் பிறகு தினமும் அப்படித்தான். நான் போவதற்குள் வேலை முடிந்திருக்கும். ஒருநாள் விடியும்போதே போய்ப் பார்த்தேன். அன்றும் முடிந்திருந்தது. பம்பு ரூமிலிருந்து குளத்தின் விளிம்புவரை ஈரக் காலடிகள். திரும்பி வந்த தடம் இல்லை. ஒவ்வொரு தடத்திலும் வலது கால் கட்டைவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது.

அந்தக் காலுக்கு நான் எத்தனை தடவை எண்ணெய் தேய்த்துவிட்டிருக்கிறேன்.

குளோரின் நெடி மூக்கில் ஏறியது. அதற்கு அடியில் இன்னொரு வாடை, மயிர் கருகினாற்போல.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

சர்ர்ர்... சர்ர்ர்...

தார்ப்பாய்க்கு அடியிலிருந்து வந்தது. பக்கச் சுவர் ஓடுகளை நீளக் கம்பு பிரஷால் தேய்க்கிற சத்தம். பாயின் நடுவில் ஒரு புடைப்பு எழுந்தது. ஒரு தலை அளவு. அது ஆழமான மூலையிலிருந்து இந்தப் பக்கம் வந்தது, நின்றது, திரும்பிப் போனது. நீந்தவில்லை. நடந்தது. ஆறடித் தண்ணீருக்குள் வேலைக்காரன் நடை.

"நான் வேற என்னங்க பண்ணியிருக்க முடியும்?" என்றேன். "கையெழுத்துப் போட்டது தப்புதான். என் மேல கோபமா?"

சர்ர்ர்... சர்ர்ர்...

தேய்ப்பு ஒரு நொடிகூட நிற்கவில்லை.

அன்று இரவு நான் சாப்பிடவில்லை. மகள் கேட்டாள். தலைவலி என்றேன். உன் அப்பா குளத்துக்கு அடியில் நடந்துகொண்டிருக்கிறார் என்று பெற்ற பிள்ளையிடம் எந்த வாயால் சொல்வது? என்னைப் பழிவாங்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். பழிவாங்கட்டும், பொய்க்குக் கையெழுத்துப் போட்டவள்தானே. அப்படியும் மறுநாள் போனேன், அதற்கடுத்த நாளும் போனேன். போகாவிட்டால் அவர் வீட்டுக்கு வந்துவிடுவாரோ என்ற பயம். வராமலே இருந்துவிடுவாரோ என்பது அதைவிடப் பெரிய பயம்.

ஐந்தாவது வாரம், முன்னறிவிப்பில்லாமல் வக்கீல் வந்தார். ஏதோ வழக்குக் கட்டை எடுக்க வந்தாராம், தனியாக. மதியம் இரண்டு மணி. நான் இலை அள்ளும் வலைக் கம்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"பரவாயில்லையே. அவர் இருந்தப்பகூட இவ்வளவு சுத்தம் இல்ல" என்றார் சிரித்துக்கொண்டே. "உள்ள தண்ணி எப்படி இருக்கு?"

"பாயைத் திறக்காதீங்கய்யா."

"ஏன், உள்ள முதலை வளர்க்கிறியா?"

மூலைக் கயிற்றை அவிழ்த்து, பாயைத் தூக்கிக் குனிந்தார். விளிம்பு ஓடு ஈரமாக இருந்தது. செருப்பு வழுக்கியது. ஒரு கத்தல்கூட இல்லை. தலைகுப்புற உள்ளே போனார். பாயும் கூடவே சரிந்து அவர்மேல் மூடிக்கொண்டது.

நீலப் பாய் உள்ளிருந்து உதைபட்டது. ஒரு கை அதைக் குத்தியது. ஐந்து விரல்களும் பாயில் பதிந்து தெரிந்தன.

என் கையில் பன்னிரண்டு அடிக் கம்பு இருந்தது. அவருக்கும் எனக்கும் நடுவே பத்தடிகூட இல்லை.

நான் நகரவில்லை.

பயத்தில் உறைந்துவிட்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். ஆனால் அது பொய். ஒரு பொய்க் காகிதம் போதும் இந்த ஜென்மத்துக்கு. எனக்கு அந்த நேரத்தில் பயமே இல்லை. கம்பைக் கீழே வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

உதைப்பு குறைந்தது.

அப்போது ஆழமான மூலையில் அந்தப் புடைப்பு எழுந்தது.

வந்துவிட்டார். இவ்வளவு நாள் காத்திருந்தது எனக்காக இல்லை, இவனுக்காகத்தான். அவசரமே இல்லாமல், அதே வேலைக்கார நடையில், அது வக்கீலை நோக்கி வந்தது. என் நெஞ்சு நிறைந்தது. கட்டினவர்மேல் எனக்கு அவ்வளவு பெருமை கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

"விடாதீங்க" என்றேன்.

பாய் உயர்ந்தது. யாரோ அடியில் நின்று தோளால் முட்டுக்கொடுத்தாற்போல மேலே, இன்னும் மேலே வந்தது. பிறகு ஒரு பக்கமாக விலகியது. வக்கீலின் உடம்பு தண்ணீரிலிருந்து எழுந்து விளிம்பில் குப்புறப் படுத்தது. யாரோ பதமாகப் படுக்க வைத்தாற்போல. அவர் முகம் ஒரு பக்கமாகத் திரும்பியது. தானாகத் திரும்பவில்லை.

வாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. இருமினார். மூச்சு வந்தது.

அவருடைய வெள்ளைச் சட்டையின் முதுகில் கருப்பாக ஓர் உள்ளங்கை பதிந்திருந்தது. வலது கை.

என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. உயிரை எடுத்தவனைத் தூக்கிக் கரையில் போட்டிருக்கிறார். பெண்டாட்டி தவிக்கும்போது ஒரு குரல் கொடுக்கவில்லை. இங்கே மட்டும் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போகிறார்.

வக்கீல் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். பல் கிடுகிடுத்தது. "நீ... நீதாம்மா காப்பாத்தினே. இதை மறக்கமாட்டேன்."

"நான் இல்ல."

"பின்ன யாரு?"

"குடிச்சிட்டு விழுந்து செத்தாருன்னு எழுதினீங்களே, அவரு."

அவர் சிரிக்கப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். பாய் விலகிய தண்ணீரைத் திரும்பிப் பார்த்தார். ஓட்டுக்கு ஓடு பளபளவென்று தேய்த்திருந்தது, பாசி ஒரு பொட்டு இல்லை. தவழ்ந்தும் நடந்துமாக வீட்டுக்குள் போய்க் கதவை மூடிக்கொண்டார். தாழ் போடும் சத்தம் கேட்டது.

நான் பம்பு ரூமுக்குப் போனேன். என் வீட்டுக்காரர் செத்த பிறகு அதற்குள் ஒரு நாளும் காலை வைத்ததில்லை, வாசலில் நின்றபடியே கையை நீட்டி ஸ்விட்சைப் போடுவேன். அன்று உள்ளே போனேன். இருட்டு. ஈரம். கருகல் வாடை அங்கே பக்கத்தில் நிற்கும் ஆளின் மூச்சு மாதிரி இருந்தது.

"போதுங்க" என்றேன். "பன்னிரண்டு வருஷம் பார்த்தாச்சு. உயிரையும் கொடுத்தாச்சு. வீட்டுக்கு வாங்க."

இன்னும் ஓர் அடி உள்ளே வைத்தேன்.

"பொண்ணு தினமும் உங்களைக் கேக்கிறா. ஒரு தடவை வந்து அவளைப் பார்த்துட்டுப் போங்க. நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்."

எங்கோ ஒரு சொட்டு விழுந்தது. இன்னொரு சொட்டு.

"என்னங்க..."

கெஞ்சினேன். அழுதேன். திட்டவும் செய்தேன், கட்டினவரை ஒரு பெண் திட்டக்கூடாத வார்த்தைகளால். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சுவர்தான் கேட்டது.

பிறகு வீட்டின் மாடி ஜன்னல் திறந்தது. வக்கீலின் குரல் நடுங்கிக்கொண்டு வந்தது.

"அங்க... யாராவது இருக்கீங்களா?"

என் காதுக்குப் பக்கத்தில், ஒரு சாண் தூரத்தில், எனக்கு நன்றாகத் தெரிந்த அந்தப் பணிவான அவசரக் குரல் சொன்னது:

"இதோ வரேங்கய்யா!"

ஈரக் கால்கள் தரையில் பட்டன. நனைந்த தோள் ஒன்று என் தோளை உரசியது. நிற்கவில்லை. சப், சப், சப் என்று என்னைத் தாண்டி, குளத்தைச் சுற்றி, வீட்டைப் பார்த்துப் போனது.

உள்ளே தாழ் போட்டிருந்த பின்கதவு திறந்தது.

மாடி ஜன்னலில் இருந்த முகம் என்னைப் பார்க்கவில்லை. தனக்குப் பின்னால், படிக்கட்டுப் பக்கம் திரும்பியிருந்தது.